அப்பாவுக்கு, டவுன்ஸ்வில்லிலிருந்து

டவுன்ஸ்வில், ஆஸ்திரேலியா
மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். இந்த மாதம் கள்ளக்கடல் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் அலை ஊருக்குள் ஏறியபோது நம் நீரோடியில் எல்லாரும் முழித்தே கிடந்தீர்கள் என்று அண்ணன் சொன்னான். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும்.

இங்கே வீட்டுப் பக்கத்திலேயே கடல் இருந்தும் நவம்பர் முதல் மே வரை இஷ்டத்துக்கு இறங்கிக் குளிக்க முடியாது. ஆளைக் கொல்லும் சொறி, அதாவது ஜெல்லி மீன், உண்டு. வலை கட்டிய இடத்தில்தான் குளியல். ஞாயிறு பூசைக்கு மலையாளிகள் நிறைய வருகிறார்கள். நம் தமிழைக் கேட்டுவிட்டு என்னையும் கேரள எல்லைக்குள் இருக்கும் பக்கத்து ஊர் பொழியூர்க்காரன் என்றே முடிவு செய்துவிட்டார்கள்.

“கடலுக்கு அடியில் கிடக்கிற பாருக்கும் வைரஸ் வருமா, ஊசி கிடையாதா?” என்று போனில் கேட்டீர்களே. நீங்கள் கரை அடையாளங்களை வைத்துக் கணியம் பார்த்துக் கலவா மீனுக்குத் தூண்டில் இறக்கும் பார் பெரும்பாலும் கல். இங்கே உயிருள்ள பவளம் கட்டிய பார் 2,300 கிலோமீட்டருக்குக் கிடக்கிறது. முங்குகிறவர்கள் உளியால் தட்டி எடுத்துவரும் துண்டுகளைப் படகிலேயே உறையவைப்பது என் வேலை. தண்ணீரைவிட்டு எடுத்ததும் கோழை வடியும், கையுறை வழுக்கும். அந்தக் கோழை முழுக்க வைரஸ்தான். ஆனால் அதில் பெரும்பாலானவை பாக்டீரியாவைக் கொல்கிறவை, அதாவது பவளத்துக்குக் காவல். கடல் தண்ணீரிலேயே ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் ஒரு கோடி வைரஸ் இருக்கும். அதைக் குடித்துத்தானே நாம் வளர்ந்தோம்!

கெட்டதும் உண்டு. அம்மாச்சிக்குச் சின்ன வயதில் அம்மை போட்டது, கிழவியானபின் அதே வைரஸ் அக்கியாக வந்ததே, அந்த ஹெர்பிஸ் குடும்பத்தைப் போன்றவை பவளத்திலும் இருக்கின்றன. வெயிலோ அழுக்கோ பவளத்தை வாட்டினால் பெருகுகின்றன. பவளத்துக்குள் குடியிருந்து சோறு போடும் பாசிக்கும் தனி வைரஸ்கள் உண்டு. தண்ணீர் சுட்டால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 2016-லிருந்து இங்கே பெரிய அளவில் வெளுத்தது இந்த வருடத்தோடு ஐந்தாவது முறை. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடாப் பக்கம் 2014-இல் பவளங்களுக்கு ஒரு நோய் கிளம்பியது. சதை உரிந்து எலும்புதான் மிச்சம். அங்கே பாசியின் வைரஸ் மேல் சந்தேகம் இருக்கிறது. ஆனால் நாம் வாங்கிப் போடுகிற அமாக்சிசிலினையே பசையில் குழைத்துப் புண்ணில் அப்பினால் பல பவளங்களில் நோய் நிற்கிறது. அந்த மருந்து வைரஸை ஒன்றும் செய்யாதே! அப்படியானால் பாக்டீரியாவுக்கும் பங்கு இருக்க வேண்டும். இன்னும் பஞ்சாயத்து தீரவில்லை.

ஊசி கிடையாது அப்பா. இருந்தாலும் எந்த வைரஸுக்குப் போடுவது? நல்லது செய்கிறதும் அதற்குள்தானே இருக்கிறது. என்னைக் கேட்டால் சூட்டைத்தான் குற்றம் சொல்வேன்.

சரி, ஜூன் 1-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அண்ணனை அதற்குள் எஞ்சினைக் கழற்றி மெக்கானிக்கிடம் கொடுக்கச் சொல்லுங்கள், கடைசி வாரம் வரை இழுக்க வேண்டாம். பணம் அம்மா கணக்கில் போட்டிருக்கிறேன். அதில் உங்கள் கண் ஆபரேஷனுக்கு உள்ளதைத் தொடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் இளைய மகன்