மார்பகப் புற்றுநோய்ப் பதிவேட்டில் காலியாகக் கிடக்கும் கட்டங்கள்

ஒன்றிய சுகாதார அமைச்சகத்துக்கும், பெங்களூருவில் இயங்கும் தேசிய நோய்த் தகவலியல் மற்றும் ஆராய்ச்சி மையத்துக்கும்,

வணக்கம். ஒரு மருத்துவமனையின் ரெக்கார்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். கேஸ் ஷீட்டைப் பிரித்து, புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு வேண்டிய விவரங்களை எடுத்துக் கொடுப்பது என் அன்றாட வேலை.

1981-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் சாதாரணச் சாதனை இல்லை. நோய் வந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்று நாடு முழுமைக்கும் சட்டம் இல்லாமலேயே, ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாக, லேப் லேபாக ஏறி இறங்கிச் சேர்த்த கணக்கு அது. இந்தியப் பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய் என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவது அவர்களால்தான். ஆனால் அத்திட்டத்தின் 2020 அறிக்கையில் இடம்பெற்ற 28 மக்கள்தொகைப் பதிவகங்களும் (ஒரு பகுதியில் வசிப்பவர்களுக்கு வரும் புற்றுநோய்கள் எல்லாவற்றையும் பதிகிறவை) சேர்ந்து நாட்டில் பத்தில் ஒரு பங்கு மக்களைத்தான் எட்டுகின்றன. அந்த ஒரு பங்கிலும் எண்ணிக்கை கிடைக்கிறது; விவரம் அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை.

அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஊரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் கட்டியை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம்தான் பயாப்சியில் புற்றுநோய் என்று தெரிகிறது. அந்த அம்மா எங்களிடம் வரும்போது கையில் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் இருக்கும். கட்டி எத்தனை சென்டிமீட்டர், அக்குளில் நெறி கட்டியிருந்ததா என்று அதில் ஒரு வரி இருக்காது. நோயின் நிலை, அதாவது நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கட்டத்தில் 'தெரியவில்லை' என்று போடுவதைத் தவிர வழியில்லை. புற்றுநோய்ச் செல்லில் உள்ள ஏற்பிகளைப் பார்த்து எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று சொல்ல உதவும் ஈஆர், பிஆர், ஹெர்-2 பரிசோதனையை வெளி லேபில் செய்திருந்தால் அந்த ரிப்போர்ட்டும் பல நேரம் ஃபைலுக்கு வந்து சேராது.

30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்யச் சொல்லி நீங்களே வழிகாட்டியிருக்கிறீர்கள். அதனால் பலன் உண்டா என்பதை, முற்றிய நிலையில் வருகிறவர்கள் குறைகிறார்களா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். நிலை எழுதாத பதிவை வைத்து அதை எப்படிப் பார்ப்பது?

பெயர்ச் சிக்கல் தனி. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். லட்சுமியை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். ஒரே ஆள் இரண்டு மருத்துவமனைக்குப் போனால் இரண்டு நோயாளியாகிவிடக்கூடும்.

இறப்பு விவரம் இதைவிட மோசம். 2020-இல் பதிவான இறப்புகளில் சுமார் 22 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. சான்று இருந்தாலும் 'இதயமும் மூச்சும் நின்றன' என்று எழுதினால், மார்பகப் புற்றுநோயால் போனவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023-இல் திருத்தி, எல்லா மருத்துவ நிறுவனங்களும் இறப்புக் காரணச் சான்று தர வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். அந்தத் தரவு புற்றுநோய்ப் பதிவகங்களுக்குத் தானாகவே போய்ச் சேர வழி செய்யுங்கள்.

புற்றுநோயைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கும்படி நாடாளுமன்ற நிலைக்குழு 2022-லேயே பரிந்துரைத்தது. சில மாநிலங்கள் தாங்களாகவே அப்படி அறிவித்தும் விட்டன. நாடு முழுமைக்கும் அதைக் கொண்டுவாருங்கள். சின்ன நர்சிங் ஹோம்களையும் தனியார் லேப்களையும் விட்டுவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்கு நிலையும் ஏற்பிப் பரிசோதனை முடிவும் இல்லாமல் பதிவு முழுமையாகாது என்று விதி வையுங்கள். அடுத்த அறிக்கையின் முதல் பக்கங்களிலேயே, ஒவ்வொரு பதிவகத்திலும் நிலை தெரியாத பெண்கள் எத்தனை சதவீதம் என்று வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவப் பதிவேட்டுப் பணியாளர் ஒருவர்