கொரங்காடு வாங்கும் நகரத்து அன்பர்களுக்கு, பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு மடல்

வணக்கமுங்க.

திருப்பூர் மாவட்டத்தில் வெள்ளக்கோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில், தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, நானும் என் வீட்டுக்காரரும் குடியிருக்கிறோம். அவருக்கு 72 வயது, எனக்கு 66. எங்களுக்கு 4 ஏக்கர் கொரங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலம், ஒன்றரை ஏக்கர் கிணற்றுத் தோட்டம், காங்கேயம் மாடு இரண்டு, கன்று ஒன்று, செம்மறி 18. போன தை மாதம் வரை செம்மறி 26 இருந்தது.

கோயமுத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் இப்போது நிறையப் பேர் இங்கே காடு வாங்குகிறீர்கள். விற்கிறவருக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும், வாங்குகிறவருக்கு ஓர் ஆசை இருக்கும். அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் பத்திரம் முடிந்த மறுவாரமே பொக்லைன் வந்து நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கொரங்காடு உங்களுக்குப் பொட்டலாகத்தான் தெரியும். பங்குனி, சித்திரையில் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். சரளை மண், நடுவே அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே போக ஒரு கடவு. இவ்வளவுதான் கொரங்காடு. ஐப்பசியில் நாலு மழை விழுந்த பிறகு வந்து பாருங்கள், கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கும். யாரும் விதைத்த புல் இல்லை அது. வேர் மண்ணுக்குள்ளேயே கிடந்து, மழைக்குத் துளிர்த்துவிடும். கோடையில் புல் காய்ந்துபோனாலும் வெள்வேல மரம் நிழல் தரும், காயும் உதிர்க்கும். செம்மறிக்கு அந்தக் காய் என்றால் உயிர். எங்கள் பெரியவர்கள் காட்டை மூன்றாகத் தடுத்து, ஒன்றில் மேய்த்து, மற்ற இரண்டையும் ஆறப்போடுவார்கள். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். தண்ணீர் பாய்ச்சுவதில்லை, உரம் போடுவதில்லை. அப்படியும் இந்தச் சரளையில் பால், கன்று, குட்டி, எரு எல்லாம் கிடைக்கிறது.

வேலிதான் இதற்கெல்லாம் உயிர். கிளுவைப் போத்தை, அதாவது வெட்டிய கிளையை, நெருக்கி நட்டு, செத்துப்போன இடத்தில் மறுபடி நட்டு, வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால்தான் அடைந்து நிற்கும். எங்கள் கிழக்கு வேலியும் மேற்கு வேலியும் என் மாமனார் வைத்தவை. வேலி கெட்டியாக இருந்தால் மேய்க்க ஆள் வேண்டாம். காலையில் கடவைத் திறந்து ஓட்டிவிட்டு, பொழுது சாயத் திரும்ப ஓட்டி வந்தால் போதும். இந்த வயதில் இரண்டு பேராக நாங்கள் பண்ணயம் பார்ப்பது அதனால்தான். ஆடு பின்னாலேயே நாளெல்லாம் ஓட அவர் முழங்காலுக்கும் முடியாது, எனக்கும் முடியாது.

விடியற்காலம் 5 மணிக்கு அவர் பால் பீச்சுவார். காங்கேயம் மாடு ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டருக்கு மேல் தராது. கன்றுக்கு விட்டது போக எங்களுக்கு ஒரு சொம்பு மிஞ்சும். அதைக் காய்ச்சிக் காப்பி குடிக்கும்போதுதான் இருவரும் உட்கார்ந்து பேசுவோம். இப்போது இருக்கும் கன்று பிறந்தபோது செங்கல் நிறம். ஆறு மாதத்தில் அந்தச் சிவப்பு கழன்று சாம்பல் நிறம் வருவதை எத்தனையோ கன்றுகளில் பார்த்தாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு தடவையும், "இந்தா புள்ள, கழுத்துல மாறிருச்சு பாரு" என்று அவர் கூப்பிடுவார். நானும் கைவேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன்.

எங்களுக்கு மேற்கே இருந்த 6 ஏக்கர் கொரங்காட்டை இருபது வருஷத்துக்கு மேலாக நாங்கள்தான் புல் குத்தகைக்கு எடுத்து மேய்த்தோம். போன வருஷம் அது கைமாறியது. வாங்கினவர் நல்ல மனிதர், வந்த அன்றே எங்கள் வீட்டில் மோர் குடித்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஒரே பகலில் கிளுவை வேலியும் பதினேழு வெள்வேல மரமும் வேரோடு போய்விட்டன. கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டினார்கள். ஆயிரம் அடிக்குப் போர் போட்டுத் தென்னை வைத்தார்கள். அந்தச் சரளையில் பாதிக் கன்று முதல் கோடையிலேயே காய்ந்துவிட்டது. அவரும் அப்புறம் அதிகம் வருவதில்லை.

பிடுங்கிய வேலியில் நடு வேலி எங்கள் இரண்டு காட்டுக்கும் பொதுவாக இருந்தது. தை மாதம் ஒரு ராத்திரி அந்தக் கம்பிக்கு அடியில் நுழைந்து நாய்கள் பட்டிக்குள் வந்தன. ரோட்டோரம் கொட்டும் கோழிக் கழிவைத் தின்று பழகிய நாய்கள். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் டார்ச்சோடு ஓடுவதற்குள் எட்டு ஆடு குதறிக் கிடந்தன. அதில் மூன்று சினை. காங்கேயம், வெள்ளக்கோவில் சுற்று வட்டாரத்தில் நாய் கடித்துச் செத்த ஆடுகளைக் கொண்டுபோய் ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த ஆடுகள் இப்படிச் செத்தவைதான். நாயைக் கட்டுப்படுத்த வேண்டியது அரசாங்கம், அதை அவர்களிடம் தனியாகக் கேட்கிறோம். உங்களிடம் கேட்பது வேலியைப் பற்றி மட்டும்.

எழுதப்போகிறேன் என்றதும், "ஏம்புள்ள, அவங்க காசு, அவங்க காடு, நாம என்ன சொல்றது?" என்றார் என் வீட்டுக்காரர். "காடு அவங்களுதுங்க. வேலி உங்கப்பா வெச்சதாச்சே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவரே ஒரு நோட்டை எடுத்துவந்து வைத்தார்.

2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தார்கள். நாட்டு மாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள். கையிலிருந்த படங்களில் பாதி எங்கள் காங்கேயம் காளைதான். டிவியில் பார்த்துவிட்டு நான் அழுதேன். உங்களில் பலர் அங்கே இருந்திருப்பீர்கள், அந்த ஆசையில்தான் காடே வாங்க வருகிறீர்கள் என்றும் நினைக்கிறேன். அந்தக் காளை இந்தப் புல்லைத் தின்றுதான் வளர்கிறது. கண்ணபுரம் தேர்த் திருவிழா மாட்டுச் சந்தைக்கு மாடு பிடித்துவரும் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், மேய்க்கக் காடு இல்லாமல்தான் மாட்டை விற்கிறேன் என்பார்கள்.

அதனால் கேட்கிறோம். வீடு கட்டுங்கள், கிணறு வெட்டுங்கள், ஒரு மூலையில் நாலு மாமரம் வையுங்கள். மீதிக் காட்டில் வேலியையும் வேலமரத்தையும் விட்டுவிடுங்கள். நீங்கள் வராத நாளில் அந்தப் புல்லைப் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் குத்தகைக்கு விடுங்கள். குத்தகைக்கு விட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள் என்று தெரியும். எங்களுக்கு வேண்டியது புல் மட்டுமே. வருஷா வருஷம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம், முன்பணமும் தருகிறோம். வேலியில் ஓட்டை விழுந்தால் அடைப்பது எங்கள் பொறுப்பு.

ஏற்கெனவே வேலியை எடுத்துவிட்டவர்களும் வாருங்கள். மழைக்கு முன்னால் வந்தால் எங்கள் கிழக்கு வேலியிலிருந்து போத்து வெட்டித் தருகிறோம். காசு வேண்டாம். எத்தனை அடிக்கு வேண்டும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் வெட்ட முடியும்.