வெறுமையாகத் திரும்பிய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்கள் தொடர்பான முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,

கடந்த மாதம் ஹட்டனிலிருந்து மூன்று எச்பி5 பிளஸ் படச்சுருள்களைக் கழுவித் தருமாறு தங்கள் நிறுவனத்திற்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். அவற்றுள் இரண்டு ஒரு படமுமின்றித் திரும்பி வந்துள்ளன. கமரா பழுதாகிச் சுருளில் வெளிச்சமே படவில்லை என்று தங்கள் ஊழியர் தொலைபேசியில் கூறியதை என்னால் ஏற்க முடியவில்லை.

சுருளின் ஓரத்திலுள்ள பெயரும் எண்களும் தொழிற்சாலையிலேயே பதியப்படுபவை. கமரா பழுதாயிருந்தாலும், முறையாகக் கழுவினால் அவை தெரிந்தே தீரும். என்னிடம் வந்தவற்றில் ஓர் எண்கூட இல்லை. கமராவில் செருகுவதற்காக நான் பகல் வெளிச்சத்தில் இழுத்துவிட்ட நுனி கரியாய்க் கறுத்திருக்க வேண்டும். அதுவும் தண்ணீர்போலத் தெளிந்து கிடக்கிறது. இவ்வகைச் சுருளில் படமாக நிற்பது வெள்ளி மட்டுமே. நிறச் சுருளுக்குரிய சி-41 முறையில் இதைக் கழுவினால், நிறச் சுருளில் படமாக நிற்கும் சாயம் இதில் உருவாக வழியில்லாத நிலையில், இருக்கும் வெள்ளி முழுவதும் கரைந்து போய்விடும். எக்ஸ்பி2 போல அம்முறையில் கழுவக்கூடிய கறுப்பு வெள்ளைச் சுருளும் உண்டு என்பதால் குழப்பம் நேர்ந்திருக்கலாம். ஆயினும் நான் படிவத்தில் சுருளின் பெயரை எழுதி, ஒளியுணர்திறனை 1600க்கு உயர்த்திக் கழுவுமாறும் கேட்டிருந்தேன்.

அவ்வாறு கேட்டதற்குக் காரணம் தோட்டத்தில் எங்கள் லய வீட்டுக் குசினியின் இருட்டு. 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் எங்கள் குடும்பத்தின் கடைசி வாரங்கள் அச்சுருள்களில் இருந்தன. கமராவைக் கண்டாலே சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு விறைத்து நிற்கும் அம்மாயி, நான் அங்கிருப்பதையே மறந்து, கன்னம் உப்ப ஊதுகுழலால் அடுப்பை ஊதிய காலை ஒன்று. வாசல் இஸ்தோப்பில் அப்பா முகம் மழிக்க, தங்கச்சி கண்ணாடி பிடித்த காலை இன்னொன்று. இப்போது நாங்கள் புது வீட்டில் இருக்கிறோம். இங்கே எரிவாயு அடுப்பு, சுவரில் கண்ணாடி. பழைய லயத்தின் கூரைத் தகரங்களைக் கழற்றிவிட்டார்கள். இதற்கு ஈடாக நிறச் சுருள் ஒன்றை இலவசமாகத் தருவதாகத் தங்கள் ஊழியர் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கட்டணத்தையும் தபால் செலவையும் திருப்பித் தருவதோடு, எம்முறையில் கழுவப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 14 நாட்களுக்குள் பதில் வராவிடில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்.

மூன்றாவது சுருள் இன்னும் தங்களிடம் உள்ளது. தயவுசெய்து அதைக் கழுவாமல், டப்பாவைத் திறக்காமல், அப்படியே திருப்பி அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஹட்டன்.