நீலத் திரை எரிந்த லேப்டாப்புக்கு 'நோ பவர்' என்று ஜாப் ஷீட்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
டி.டி.பி. கடை உரிமையாளர்,
கோவில்பட்டி, தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: பூட் ஃபைல் காணாமல் போன லேப்டாப்புக்கு மதர்போர்டு மாற்றச் சொன்னது, அலைக்கழித்தது, மரியாதைக் குறைவாகப் பேசியது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதற்கு முன் நான் அனுப்பிய மெயிலுக்கெல்லாம் 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை. லேப்டாப் ஓடவில்லை என்றுதான் சொன்னேன். அதனால் இந்த முறை பேப்பரில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். ரசீது என்னிடம் இருக்கிறது.

மாடல், சீரியல் நம்பர், பில் நகல் எல்லாம் இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை போன் செய்யும்போதும் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, எறும்பு சைஸ் எழுத்தில் இருப்பதை நான் வாசித்துச் சொன்னேனே, அதே சீரியல் நம்பர்தான். ஒருவரிடம் சொன்னது அடுத்தவருக்குத் தெரியவே இல்லை. கம்ப்ளெயின்ட் நம்பரும் ஒன்றல்ல. பழையதை மூடிவிட்டுப் புதிது புதிதாகப் போட்டிருக்கிறீர்கள். மூடும்போதெல்லாம் 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வேறு.

நடந்தது இதுதான். லேப்டாப் விலை 58,990 ரூபாய். வாரண்டி இன்னும் முடியவில்லை. ஆவணி முகூர்த்தக் கல்யாணப் பத்திரிகை வேலை கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில், நீங்களே உள்ளே போட்டுக் கொடுத்திருக்கும் அப்டேட் செயலி, பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வந்திருக்கிறது, அவசியம் போடு என்று திரை மூலையில் வந்து நின்றது. சார்ஜரை மாட்டச் சொன்னது, மாட்டினேன். ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். திரும்பி எழுந்து வந்தபோது விண்டோஸ் இல்லை, நீலத் திரை. பூட் கான்ஃபிகரேஷன் டேட்டாவைக் காணவில்லை அல்லது அதில் பிழை இருக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு வரி. விண்டோஸ் எங்கே இருக்கிறது, எப்படி எழுப்புவது என்று குறித்து வைத்திருக்கும் ஃபைல் அது, சுருக்கமாக பிசிடி. கீழே எந்த ஃபைல் என்று பாதையோடு இருந்தது: இஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட், பூட், பிசிடி. அதற்கும் கீழே எரர் கோடு: பூஜ்யம், எக்ஸ், சி, பிறகு ஆறு பூஜ்யம், கடைசியில் ஒரு எஃப். என்ன தொலைந்தது, எங்கே இருந்தது என்று மெஷினே சொல்லிவிட்டது. இதற்கு மேல் அது என்ன சொல்லும்?

அதை அப்படியே எழுத்து எழுத்தாக உங்கள் கஸ்டமர் கேரில் வாசித்தேன். அந்த முனையில் இருந்தவர், "கடைசி எழுத்து எஃப்பா சார், எஸ்ஸா சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "எஃப். ஃபாதருக்கு எஃப்" என்றேன். ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு சொன்னார்: "சார், உங்க வீட்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா போனை அவங்ககிட்ட குடுங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தக் கடிதம் என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் விண்டோஸ் 98 காலத்தில் கடை போட்டவன். எக்ஸ்பி ஓடிய நாளில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று வரும். விண்டோஸை எழுப்புகிற ஃபைலைக் காணோம் என்று அர்த்தம். முதலில் டிரைவுக்குள் ஃப்ளாப்பி மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் எக்ஸ்பி சிடியைப் போட்டு, ரெக்கவரி கன்சோலுக்குள் போய், ஐ386 ஃபோல்டரிலிருந்து என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட் என்ற இரண்டு ஃபைலையும் சி டிரைவுக்கு காப்பி அடிப்போம். வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் மெஷின் எழுந்துவிடும். விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் அதுவே 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று வந்தது. இப்போது ஹார்டு டிஸ்கில் இஎஃப்ஐ என்று தனியாக ஒரு சின்னப் பார்ட்டிஷன் (பகுதி) ஒதுக்கி, பூட் ஃபைல்களை அதற்குள் வைக்கிறார்கள். இடம் மாறியது, பெயர் மாறியது, சங்கதி ஒன்றுதான். இதெல்லாம் தெரிந்த ஒருவனிடம்தான் உங்கள் ஆள் 'தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க' என்றார்.

அப்படியானால் நீயே சரிசெய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வெளியாள் கை வைத்தால் வாரண்டி போய்விடும், பென் டிரைவ் மாட்டி எதுவும் செய்யக் கூடாது என்று எச்சரித்ததும் அதே ஆள்தான். பேச்சு ரெக்கார்டு ஆகும் என்று நீங்களே முதலில் சொல்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள்.

தயவுசெய்து கோபமாக எழுதுவதாக நினைக்க வேண்டாம். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எஃப்11 அழுத்தச் சொன்னார்கள். எஃப்8 அழுத்தச் சொன்னார்கள். பவர் பட்டனை முப்பது விநாடி அமுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அதே நீலத் திரைதான் வந்தது. வராமல் என்ன செய்யும்? ரெக்கவரிக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்பதும் அந்தக் காணாமல் போன பிசிடி ஃபைலுக்குள்தான் எழுதியிருக்கிறது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பெட்டியைத் திறந்து சாவியை எடு என்று சொல்கிற கதை. உங்கள் லேப்டாப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் எனக்கா தெரியும்?

கடைசியில், "இது சாஃப்ட்வேர் பிரச்சினை சார், வாரண்டி ஹார்டுவேருக்கு மட்டும்தான்" என்றார்கள். சரி, காசு வாங்கிக்கொண்டாவது செய்து கொடுங்கள் என்று மதுரை சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே கதை தலைகீழ். "மதர்போர்டு போயிடுச்சு. வோல்டேஜ் ஏறி இறங்கியிருக்கு. கரண்ட்டால வந்தது வாரண்டியில வராது" என்று 23,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். போனில் கேட்டால் சாஃப்ட்வேர், வாரண்டி கிடையாது. நேரில் போனால் ஹார்டுவேர், அதற்கும் வாரண்டி கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பில் என் பேரில். லேப்டாப்புக்குள் பேட்டரி இருக்கிறது, வெளியே அடாப்டர் இருக்கிறது, என் கடையில் யுபிஎஸ் இருக்கிறது. எந்த வோல்டேஜ் எதைத் தாண்டி எப்படி வந்து மதர்போர்டைச் சுட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னேன். எழுத்தில் தர மாட்டோம் என்றார்கள்.

மதர்போர்டு செத்த மெஷின் எப்படி ஐயா முழு வாக்கியமாக இங்கிலீஷ் எழுதிக் காட்டும்?

ஜாப் ஷீட் நகலை இணைத்திருக்கிறேன், பாருங்கள். 'பிரச்சினை' என்ற கட்டத்தில் 'நோ பவர்' என்று டைப் அடித்திருக்கிறது. அதை அடித்த பையன் முன்னால் மேஜை மேல் லேப்டாப் திறந்து கிடக்கிறது, அந்த நீல வெளிச்சம் அவன் சட்டையிலேயே விழுகிறது. அவன் கை 'நோ பவர்' அடிக்கிறது. "தம்பி, பவர் இருக்குப்பா, திரை எரியுதே" என்றேன். "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன்தான் சார் இருக்கு" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ஆப்ஷனை மட்டும் வைத்தவர்கள் மேல்தான்.

அப்புறம் அந்த எஸ்எம்எஸ். 'உங்கள் சாதனம் தயாராக உள்ளது, பெற்றுக்கொள்ளவும்.' ஒரு பெண்ணின் அப்பா கடை ஸ்டூலில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, பத்திரிகை இன்னைக்கு பிரஸ்ஸுக்குப் போயிருமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனால் சாப்பாட்டு நேரம், ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. வெயிலில் நின்றேன். திறந்த பிறகு கவுண்டரில் இருந்த அம்மா, "அது ஆட்டோமேட்டிக் எஸ்எம்எஸ் சார், அதை நம்பி ஏன் வந்தீங்க? இன்ஜினியர் லீவு" என்றார். என் லேப்டாப் அலமாரியின் கீழ்த்தட்டில், போன தடவை எப்படி வைத்தேனோ அப்படியே, நான் சுற்றிக் கொடுத்த அதே துண்டோடு கிடந்தது. யாரும் அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. கம்பெனி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் வேறு யார் எஸ்எம்எஸ்ஸை நம்ப வேண்டும்?

அடுத்து ஃபார்மட். "விண்டோஸ் புதுசா போட்டுப் பார்க்கலாம், டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு படிவம். என் டேட்டாவை மட்டும் காப்பி எடுத்துக் கொடுங்கள் என்றால், "பிட்லாக்கர் போட்டிருக்கு, அதை யாராலும் திறக்க முடியாது" என்றார்கள். டிஸ்கில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். அதை நான் போடவில்லை. புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு உள்ளே நுழைந்தால் பல மாடல்களில் அதுவே பூட்டிக்கொள்கிறது. அதன் 48 இலக்கச் சாவியும் அந்த அக்கவுண்ட்டிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. போனிலேயே எடுக்கலாம். இதை உங்கள் பக்கத்தில் ஒருவராவது எனக்குச் சொன்னார்களா? கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த சீசனின் எல்லாப் பத்திரிகையும், இனி எங்கே தேடினாலும் கிடைக்காத பழைய தமிழ் ஃபான்ட்டுகளும் அன்றைக்கே போயிருக்கும். அந்த ஃபான்ட் இல்லாமல் பழைய ஃபைலைத் திறந்தால் தமிழ் இருக்காது, கேள்விக்குறியும் கட்டமும்தான் இருக்கும்.

கையெழுத்துப் போடாமல், 'பரிசோதனைக் கட்டணம்' 500 ரூபாய், ஜிஎஸ்டி 90 ரூபாய், ஆக 590 ரூபாய் கட்டி லேப்டாப்பை மீட்டு வந்தேன். அவிழ்க்காத துண்டுக்குப் பரிசோதனைக் கட்டணம்.

எங்கள் தெருவில் மொபைல், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். வாரண்டி போனால் போகட்டும் என்ற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்தது நீங்கள். அவன் ஒரு 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் இன்ஸ்டாலரை இறக்கி, அதிலிருந்து பூட் செய்தான். ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தி கமாண்ட் விண்டோவைத் திறந்தான். என் போனில் அக்கவுண்ட்டுக்குள் போய் 48 எண்ணையும் நான் வாசிக்க, அவன் அடித்தான். சி டிரைவ் திறந்தது. என் ஃபோல்டர் எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தது. முதலில் பூட்ரெக் கமாண்டில் ஃபிக்ஸ்பூட் போட்டுப் பார்த்தான், 'ஆக்ஸஸ் இஸ் டினைடு' என்று வந்தது. "இது எப்பவும் இப்படித்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, டிஸ்க்பார்ட்டில் போய் அந்தச் சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு எஸ் என்று டிரைவ் எழுத்துக் கொடுத்தான். பிறகு பிசிடிபூட் என்று ஒரே ஒரு வரி. பூட் ஃபைல்கள் உருவாக்கப்பட்டன என்று பதில் வந்தது. பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தால், விண்டோஸ் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நின்றது.

300 ரூபாய் வாங்கினான். 23,400 எங்கே, 300 எங்கே?

இதற்குள் போக வேண்டியது போய்விட்டது. அந்தப் பெண்ணின் அப்பா சாத்தூரில் பத்திரிகை அடித்துக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். இந்த ஆவணி முழுக்கப் போயிற்று, ஐப்பசியும் போகும். கோவில்பட்டியில் சொன்ன நாளில் வேலை முடிப்பவன் என்று இருந்த பேர் போயிற்று. ஐந்து லட்சம் என்று சொன்னால் குறைவாகத்தான் சொல்கிறேன். அந்தப் பேருக்கு எஸ்டிமேட் போட உங்கள் சர்வீஸ் சென்டரில் ஆப்ஷன் இருக்கிறதா?

ஆகவே தங்களிடம் பணிவாகக் கேட்டுக்கொள்வது: 590 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். மதர்போர்டு நன்றாக இருக்கிறது, வாரண்டி நடப்பில் இருக்கிறது என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதித் தர வேண்டும். என் தொழில் நஷ்டத்துக்கு நியாயமான இழப்பீடு தர வேண்டும். 'தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க' என்றவர் என்னிடம் போனில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் வேலையை எடுக்கச் சொல்லவில்லை, அவருக்கும் குடும்பம் இருக்கும். ஆனால் அவர்தான் கேட்க வேண்டும், அவருடைய மேலதிகாரி அல்ல.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையவில்லையென்றால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. வியாபாரத்துக்கு வாங்கிய பொருள், இவர் நுகர்வோரே இல்லை என்று உங்கள் வக்கீல் ஆரம்பிப்பார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் விளக்கம் சொல்கிறது. விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த அளவுக்குப் போக எனக்கும் ஆசையில்லை. உங்கள் லேப்டாப்பில்தான் இந்தக் கடிதத்தையே டைப் செய்திருக்கிறேன். கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பில் நகல், ஜாப் ஷீட் நகல், மதர்போர்டு எஸ்டிமேட், 590 ரூபாய் ரசீது, நீலத் திரையின் புகைப்படம்.

பின்குறிப்பு: சர்வீஸ் சென்டரிலிருந்து வந்த லேப்டாப்பின் அடியில் இரண்டு ஸ்க்ரூவைக் காணோம். துண்டையே அவிழ்க்காதபோது ஸ்க்ரூவை யார் கழற்றினார்கள் என்பதையும் விசாரிக்கவும். ஸ்க்ரூவைக் கூரியரில் அனுப்பினால் போதும், நான் வரமாட்டேன்.