மெருகேற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கடிகாரம் குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், கும்பகோணம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கைக்கடிகாரப் பராமரிப்பு நிறுவனம், சென்னை.

நாள்: 28.08.2025

பொருள்: ஒமேகா கான்ஸ்டலேஷன் கடிகாரத்தின் டயலும் கேஸும் (வெளிக்கூடும்) அனுமதியின்றி மாற்றப்பட்டது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 12.06.2025 அன்று தங்கள் கிளையில் நேரில் ஒப்படைத்த என் கடிகாரத்தை 21.08.2025 அன்று திரும்பப் பெற்றேன். உள்ளிருக்கும் 561 எண் இயந்திரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் இடுவது மட்டுமே நான் கேட்ட வேலை. கேஸுக்கு மெருகேற்றக் கூடாது, டயலைத் தொடக் கூடாது, எதை மாற்றினாலும் பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பணிச்சீட்டில் என் கைப்பட எழுதியதைத் தங்கள் ஊழியர் படித்துப் பார்த்த பிறகே முத்திரை வைத்தார்.

இருபது ஆண்டுகளாகப் பழைய சுவிஸ் கடிகாரங்களைச் சேகரித்து வருகிறேன். மற்றவை மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளின் பீரோக்களிலிருந்து விலைக்கு வாங்கியவை. இது மட்டும், 1966-இல் பினாங்கிலிருந்து ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்திறங்கிய என் பெரியப்பாவின் கையில் இருந்தது.

இதன் டயல் தட்டையானதன்று. பன்னிரண்டு பட்டைகளாக விளிம்பை நோக்கிச் சரியும். அறுபது ஆண்டுகளில் அது முற்றிய நெல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. இப்போது அதை வெளிறிய வெள்ளையாக்கிவிட்டீர்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால், பட்டைகள் சந்திக்கும் கூரிய கோடுகள் வண்ணத்தில் மழுங்கியிருக்கின்றன. அடியில் இருக்கும் 'சுவிஸ் மேட்' எழுத்துகள் தடித்து ஒரு பக்கமாகச் சரிந்திருக்கின்றன. நிமிடக் கோடுகள் மணிக் குறிகளுக்கு நேராக நிற்கவில்லை. புது வண்ணம் பூசிய டயல்களைப் பழையதென்று விற்பது நம் சந்தையில் புதிதல்ல. அவற்றை இனங்கண்டு ஒதுக்கப் பல ஆண்டுகள் கற்றவன், அதையே தங்களுக்கு 18,500 ரூபாய் கூலி கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

கைவாரைப் பிடிக்கும் நான்கு கால்களின் கூரிய விளிம்புகளும் தேய்க்கப்பட்டு உருண்டுவிட்டன. பின்மூடியில் பொறித்துள்ள வானாய்வகமும் எட்டு நட்சத்திரங்களும் மங்கிவிட்டன. தேய்த்தெடுத்த உலோகத்தை எவராலும் திரும்ப வைக்க முடியாது. சாவி கொடுக்கும் பத்துப் பட்டைத் திருகு இருந்த இடத்தில் வழுவழுப்பான வட்டத் திருகு ஒன்று இருக்கிறது. பழையது எங்கே என்று கேட்டபோது, "புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்திருக்கோம் சார், இதுக்குப் போய்ப் புகாரா?" என்பதே தொலைபேசியில் கிடைத்த பதில்.

இயந்திர வேலையில் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பின்தங்கிய கடிகாரம் இப்போது சில நொடிகளுக்கு மேல் பிசகுவதில்லை. அந்த வேலைக்குரிய கூலியை மட்டும் கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பழைய திருகை ஒப்படைக்க வேண்டும். அக்காலத்து அசல் டயல் ஒன்றைத் தேடிப் பொருத்துவதற்கான செலவை ஏற்க வேண்டும். என் எழுத்துப்பூர்வமான அறிவுறுத்தல் ஏன் மீறப்பட்டது என்பதை எழுத்திலேயே தெரிவிக்க வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் தம் வசிப்பிடத்திலேயே முறையிட 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்திருப்பதால், தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

பணிச்சீட்டு, ரசீது ஆகியவற்றின் நகல்களையும், கடிகாரத்தை ஒப்படைக்கும் முன்பும் பெற்ற பின்பும் எடுத்த படங்களையும் இணைத்துள்ளேன். கடிகாரத்தை மீண்டும் பார்வையிட விரும்பினால் தங்கள் தொழில்நுட்பர் கும்பகோணம் வரலாம். அதை இனி நான் அங்கே அனுப்புவதாக இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்