கன்று வாங்குமுன் குழாய் எங்கே என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தை, தெகிவளை, நுகேகொடைப் பக்கம் வீட்டுக் குழாய் வேலை செய்பவன் நான். ஒக்டோபர் மழையை நம்பி முற்றத்துப் புல்தரையில் கன்று நடப் போகிறவர்களுக்கு, என் தொழில் பக்கமிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் ஒன்றின் மேல் மரம் சாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மரம் என்றாலே எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். எவ்வளவு உயரம் வரும், கிளை முறியுமா என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் எட்டு, பத்து பேர்ச் அளவுச் சின்னக் காணிக்காரர் என்னைக் கூப்பிடுவது, வேர் கழிவுநீர்க் குழாய்க்குள் போய் அடைப்பதால்தான்.

அதிலும் பைக்கஸ் என்கிற ஆல், அரசு இனத்து மரம். மதிலோரம் அடர்த்தியாக வரும், வெட்டினால் அடங்கி நிற்கும் என்று வரிசையாக வைக்கிறார்கள். மேலே வெட்டலாம், கீழே யார் வெட்டுவது? பேராதனைப் பூங்காவின் பெரிய புல்தரையில் கிளை பரப்பி நிற்கும் மரத்தைப் பாடசாலைச் சுற்றுலாவில் எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள். அது பைக்கஸ் பெஞ்சமினா. வேலிக்கென்று பையில் விற்பதும் பெரும்பாலும் அதே இனம்தான்.

நல்ல பைப்பை வேர் உடைப்பதில்லை. மூட்டில் கசிவு இருந்தால் ஈரத்தைத் தேடி மெல்லிய வேர் ஒன்று நுழையும், பிறகு உள்ளேயே பருத்து மூட்டைப் பிளக்கும். பழைய வீட்டு மண் குழாய்களில் சீமெந்து மூட்டுகள் அதிகம் என்பதால் அங்கே தொல்லையும் அதிகம். மேன்ஹோலைத் திறந்து இழுத்தால் சவுரி மாதிரி நீளமாக வரும். "பாஸ், இப்பத்தானே கிளியர் பண்ணினீங்க?" என்று வீட்டம்மா கேட்பார். மரம் அங்கேயே நிற்கும்போது நான் என்ன செய்ய?

ஆகவே நாற்றுமேடைக்குப் போகுமுன் மேன்ஹோல் மூடிகளைத் தேடிப் பிடியுங்கள். ஒரு மூடியிலிருந்து அடுத்ததற்குக் கயிறு பிடித்தால் குழாய் போகிற வழி அநேகமாகத் தெரிந்துவிடும். கழிவுக்குழி எங்கே என்பதையும் கேட்டு வையுங்கள். சின்ன மரத்துக்கே அவற்றிலிருந்து பத்து அடியாவது விடச் சொல்வேன். அந்த இடம் இல்லையென்றால் பெரிய சட்டியில் வையுங்கள், குறைந்து போய்விட மாட்டீர்கள்.

சின்ன முற்றத்துக்குக் கறிவேப்பிலை, தேசி, பவளமல்லி, அரலியா போதும். ஜம்பு கொழும்பு மழைக்கு நன்றாக வரும். ஆனால் பழம் கொட்டிப் புல்லெல்லாம் எறும்பு, இரவில் வௌவால். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கறுத்தக்கொழும்பான் மா இல்லாமல் முடியாது. மாமரம் பூக்க வறண்ட காலம் வேண்டும், பூத்த நேரத்தில் மழை விழுந்தால் பூ கருகிவிடும். பெரிய மரம் வைத்து, நிழலில் புல்லும் செத்து, பழத்துக்குக் கடைக்குத்தான் போகிறார்கள். ஈரப்பலாவும் பலாவும் நடுபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அவற்றை வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டிவரும்.

கூரைப் பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சுவர் வெடிப்பில் பறவை போட்ட அரசங்கன்றை இரண்டு இலையிலேயே பிடுங்கிவிடுங்கள். வளர விட்டால் இந்துவும் தொடமாட்டார், பௌத்தரும் தொடமாட்டார். சுவர்தான் போகும்.

நாற்றுமேடைக்காரர்கள் கன்றின் விலையோடு, வளர்ந்தால் எத்தனை அடி உயரம், எத்தனை அடி அகலம் என்பதையும் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். புதிதாக வீடு கட்டுகிறவர்கள், குழாய் பதித்ததும் மண் மூடுமுன் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு நான் வந்தாலும் தேவையான இடத்தில் மட்டும் தோண்டுவேன், உங்கள் புல்லும் தப்பும்.

இப்படிக்கு,
குழாய்த் தொழிலாளி ஒருவர்,
கிருலப்பனை.