அந்த ஒரு வரியைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளவரசி டயானாவின் நினைவு நாளையொட்டி, சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். கல்யாண உடையின் பின்னால் 25 அடிக்கு நீண்ட துணி, முறிந்துபோன மணவாழ்க்கை, கார் விபத்து நடந்த பாரிஸ் சுரங்கப்பாதை என்று இரண்டு பக்கம். அதில் ஓர் ஓரமாக ஒரே ஒரு வரி: "தொழுநோயாளிகளைக்கூட அருவருப்பில்லாமல் தொட்ட தியாக உள்ளம்." அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். சிவகங்கை மாவட்டத்தில் 31 வருடம் தொழுநோய் ஆய்வாளராக ஊர் ஊராக சைக்கிளில் போனவன் நான். அந்தக் 'கூட'வும் 'தியாக'மும் என்னைத் தூங்கவிடவில்லை.

1989 நவம்பரில் டயானா இந்தோனேசியா போனார். ஜகார்த்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தனாலா தொழுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையுறை கிடையாது. அதில் அவருக்கு ஆபத்து ஏதாவது இருந்ததா என்றால், இல்லை. கையைக் குலுக்கினால் ஒட்டிக்கொள்ளும் வியாதி அல்ல இது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கிற சக்தி உடம்பிலேயே உண்டு. கூட்டு மருந்து ஆரம்பித்துவிட்டால் நோயாளியிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதும் சீக்கிரமே நின்றுவிடும். இதெல்லாம் டாக்டர்களுக்கு அப்போதே தெரியும். ஊருக்குத்தான் தெரியாது. தெரிந்ததை ஊருக்குக் காட்டினார் அந்தப் பெண். அதைத் தியாகம் என்று எழுதினால், தொடுவது ஆபத்து என்றுதானே வாசிக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்?

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1987 ஏப்ரலில், லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான வார்டைத் திறக்கப் போனபோதும் இதையேதான் செய்தார். அந்தப் படத்தில் அவரோடு கை குலுக்கும் நோயாளியின் முதுகு மட்டும்தான் தெரியும். முகம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் லண்டனிலேயே அப்படி இருந்தது. கேமராவுக்காகச் செய்கிறார் என்று சிலர் குறை சொன்னதுண்டு. கேமரா இல்லாமல் தொட்டிருந்தால் அந்த ஒருவருக்கு ஆறுதல், அவ்வளவோடு போயிருக்கும். எனக்குப் படம் வேண்டியிருந்தது.

சித்தனாலா படம் ஒரு பத்திரிகையில் வந்ததும் வெட்டியெடுத்து சர்வே ரிஜிஸ்தரின் அட்டைக்குள் செருகிக்கொண்டேன். 1991 என்று நினைவு. ஒரு வீட்டில் புதிதாக வந்த மருமகளுக்கு முதுகில் ஒரே ஒரு தேமல். பேனா முனையால் தொட்டால் அந்த இடத்தில் மட்டும் உணர்ச்சி இல்லை. தொழுநோய்தான். ஆறு மாத மருந்துதான், ஆறு அட்டை. முதல் மாத்திரையை என் கண் முன்னால் விழுங்கினாள். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போனால் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், மாட்டுக் கொட்டகை ஓரமாக ஒரு பாய்.

மாமியாரிடம் படத்தைக் காட்டினேன்.

"யாரு தம்பி இந்த வெள்ளக்காரப் புள்ள?"

"இங்கிலாந்து ராணியம்மாவோட மருமக."

"மருமகளா?" படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்புறம் கையக் கழுவுச்சா?"

என்னிடம் பதில் இல்லை. அந்த மருமகளிடம் அவளுடைய டம்ளரிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அவள் மருந்தை முடிப்பதற்குள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்னாலேயே வக்கீல் நோட்டீஸ் போனது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க அன்று இந்து திருமணச் சட்டத்திலேயே இடம் இருந்தது. 2019இல்தான் அதை எடுத்தார்கள்.

டயானா 1990இல் லெப்ரசி மிஷனின் புரவலரானார். தொழுநோயாளிகளுக்காக 1874இல் தொடங்கிய அமைப்பு அது. மானாமதுரை தயாபுரம் மருத்துவமனையும் அவர்களுடையதுதான். கால் புண்ணோடும் மடங்கிய விரல்களோடும் எத்தனையோ பேரை நானே அங்கே பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். 1993இல் நேபாளத்தில் ஆனந்தவன் மருத்துவமனைக்கும் போய் நோயாளிகளோடு உட்கார்ந்துவிட்டு வந்தார்.

உங்கள் கட்டுரை முழுவதுமாக விட்டுவிட்டது 1996இல் நடந்ததை. அந்த ஆகஸ்ட் 28இல் விவாகரத்து முடிந்தது. 'ஹர் ராயல் ஹைனஸ்' என்ற மரியாதைப் பட்டம் போய்விட்டது. கல்யாணத்தால் வந்த மதிப்பு, கல்யாணத்தோடு போயிற்று. அதற்குச் சில வாரம் முன்புதான், ஏறக்குறைய நூறு அமைப்புகளின் புரவலர் பொறுப்பிலிருந்து ஒரே நேரத்தில் விலகினார். ஆறை மட்டும் வைத்துக்கொண்டார்: வீடில்லாத இளைஞர்களுக்கான சென்டர்பாயின்ட், கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை, ராயல் மார்ஸ்டன் புற்றுநோய் மருத்துவமனை, தேசிய எய்ட்ஸ் அறக்கட்டளை, இங்கிலிஷ் நேஷனல் பாலே, அப்புறம் லெப்ரசி மிஷன். பதினைந்து வருடம் அரண்மனை மருமகளாகச் சேர்த்த நூறு பொறுப்புகளில், இனி யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்ற நிலையில் அவர் கையில் வைத்துக்கொண்ட ஆறில் ஒன்று எங்கள் நோயாளிகளுடையது. அந்தச் செய்தியை வாசித்த அன்று, பிறந்த வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அவங்க மாமியார் வீட்டுலயும் அனுப்பிட்டாங்களா சார்?" என்றாள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

கண்ணிவெடிகளுக்கு எதிராக டயானா அங்கோலா போனதைப் பற்றிக் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் உடைகளைப் பற்றி அவ்வளவு எழுதியவர், 1997 ஜூனில் நியூயார்க்கில் அவருடைய 79 உடைகள் ஏலம் போனதையும், 30 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்த அந்தப் பணம் புற்றுநோய், எய்ட்ஸ் பணிகளுக்குப் போனதையும் சேர்த்திருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு மாதம்தான் உயிரோடு இருந்தார். வயது 36.

தொழுநோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று 2005 டிசம்பர் கணக்கை வைத்து அரசு அறிவித்த பிறகு வீடு வீடாகப் போகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் உலகத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்றும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். தேமலை மறைத்துக்கொண்டு, தட்டும் டம்ளரும் தனியாகிவிடுமோ என்று பயந்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிற ஒரு பெண் உங்கள் பத்திரிகையை வாசிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அருவருப்பில்லாமல்' என்ற சொல் அவள் கண்ணில் எப்படிப் படும்?

அடுத்த ஆகஸ்டில் டயானாவைப் பற்றி எழுதும்போது, பளபளப்பான படங்களில் ஒன்றைக் குறைத்துவிட்டு, சித்தனாலாவில் எடுத்த படத்தைப் போடுங்கள். கீழே, "தொழுநோய் தொட்டால் ஒட்டாது, மருந்து எல்லா அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம்" என்று மட்டும் எழுதுங்கள். என்னிடமிருக்கும் பத்திரிகைத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நான்காக மடித்து மடித்து நடுவில் கிழிந்துவிட்டது, பின்னால் ஒட்டுத்தாள் போட்டிருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழுநோய் ஆய்வாளர்,
சிவகங்கை மாவட்டம்.